பாட்டிக்குப் பேத்தியின் பெயரா?

சிவகங்கை அரசி வேலு நாச்சியார் மறைந்தது 1796 டிசம்பர் 25. ஜான்சி ராணி லட்சுமிபாய் பிறந்தது 1828 என்று நூல்கள் குறிக்கின்றன. முன்னவர் கண்மூடி 30 ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகே பின்னவர் கண்திறந்தார். இருந்தும் பள்ளி விழா மேடைகளிலும், பேச்சுப்போட்டித் தாள்களிலும், சுவரொட்டிகளிலும், தேர்வு வழிகாட்டி நூல்களிலும் நம் அரசிக்குச் சூட்டப்படும் பட்டம் ‘தென்னாட்டு ஜான்சி ராணி’. இந்தப் பட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். இது பெருமை அல்ல, பிழை. இனி ஒரு மேடையிலும் ஒரு பக்கத்திலும் இது வரக்கூடாது.

வீட்டில் பிறக்கும் பெண்ணுக்குப் பாட்டியின் பெயரை வைப்பது நம் ஊர் வழக்கம். பெயரைச் சுமப்பதால்தான் அவள் பெயர்த்தி. பாட்டியின் பெயர் பேத்திக்கு இறங்கி வரும். பேத்தியின் பெயரைப் பாட்டிக்கு ஏற்றிய குடும்பத்தை நாம் கண்டதில்லை. ஒரு வீட்டில் செய்யத் துணியாத காரியத்தை ஒரு நாட்டின் வரலாற்றில் கூசாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

இதை இப்போது எழுதத் தூண்டியது நம் கண்ணெதிரே நடந்த ஒரு காட்சி. நீலகிரியில் கிளென்மார்கனை அடுத்த தோட்டப் பகுதியில் ஒரு பள்ளியின் சுதந்திர தின விழா. பைக்காரா பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி விலகாத காலை நேரம். ஸ்வெட்டருக்கு மேல் பட்டுத் துணி சுற்றி, கையில் அட்டை வாளோடு ஒரு சிறுமி மேடையேறினாள். முதுகில் ஒரு பொம்மையைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தென்னாட்டு ஜான்சி ராணி வேலு நாச்சியார் வருகிறார் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய ஒரு பாட்டி மட்டும் தட்டவில்லை. அவருடைய முன்னோர் கண்டிச் சீமைக்குக் கப்பலேறியது சிவகங்கைப் பக்கத்திலிருந்து. சிறுவயதில் லயத்துத் திண்ணையில் தாய் சொல்லக் கேட்ட நாச்சியார் கதையில் முதுகில் பிள்ளை கட்டிய காட்சியே இல்லையே என்று அவர் அருகிலிருந்தவரிடம் கேட்டார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. தத்துப்பிள்ளை தாமோதர் ராவை முதுகில் கட்டிக்கொண்டு குதிரையில் பாய்ந்தவர் என்று நாடு நினைவில் வைத்திருப்பது லட்சுமிபாயை. வேலு நாச்சியாருக்கு ஒரு மகள், வெள்ளச்சி. 1772இல் அந்த மகளையும் அழைத்துக்கொண்டுதான் அரசி சீமையை விட்டு வெளியேறினார். எட்டு ஆண்டுகள் கழித்துப் படையோடு திரும்பும்போது அவள் முதுகில் கட்டும் குழந்தையாக இருந்திருக்க முடியாது. கூட்டிக் கழிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். ஆனால் பட்டத்தை இரவல் வாங்கியவர்கள் அதோடு பொம்மையையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். இரவல் பெயரின் தீமை இதுதான். பெயர் மட்டும் வருவதில்லை. இன்னொருவருடைய வாழ்க்கையும் கூடவே வந்து, உரியவருடைய வாழ்க்கையை வெளியே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது.

வெளியே தள்ளப்பட்ட அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

1730இல் இராமநாதபுரம் சேதுபதி அரச குடும்பத்தில் பிறந்தவர் வேலு நாச்சியார். சிவகங்கையின் இரண்டாம் மன்னர் முத்துவடுகநாதப் பெரிய உடையாத் தேவரை மணந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலி கேட்ட கப்பத்துக்குத் தென்சீமை பணிய மறுத்தது. வசூலித்துக் கொடுக்கும் அடியாளாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை வந்தது. 1772 ஜூன் தொடக்கத்தில் ஜோசப் ஸ்மித்தின் படை இராமநாதபுரத்தைப் பிடித்தது. மகனுக்காக ஆட்சியை நடத்திவந்த அரசி முத்துத்திருவாயி நாச்சியாரும் அவருடைய இளம் மகனும் திருச்சிச் சிறைக்குப் போனார்கள். அதே மாதம் 25ஆம் தேதி காளையார்கோவிலில் ஒருபுறம் ஸ்மித்தும் மறுபுறம் கம்பெனி அதிகாரி பான்ஜோரும் சூழ்ந்து தாக்கினார்கள். முத்துவடுகநாதர் களத்தில் விழுந்தார். சிவகங்கைக்கு ‘ஹுசைன் நகர்’ என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. ஊரைப் பிடிப்பவன் அதன் பெயரையும் பிடுங்கத்தான் பார்ப்பான்.

அன்று வேலு நாச்சியாருக்கு வயது 42. கணவர் இல்லை, தலைநகர் இல்லை, கருவூலம் இல்லை. அந்த நிலையில் வாளை உருவிக்கொண்டு எதிரிப்படைக்குள் பாய்ந்து உயிரை விட்டிருந்தால் அதுவும் வீரம்தான். அவர் அதைவிடக் கடினமான வழியைத் தேர்ந்தார். திண்டுக்கல் சீமையின் விருப்பாச்சிக்குப் போய்ப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, பிரதானி தாண்டவராயப் பிள்ளை அரசியின் சார்பில் மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரைவீரர்களும் 5,000 காலாட்படையினரும் வேண்டும் என்பது அதில் கண்ட கோரிக்கை. நாட்டை இழந்து ஆறு மாதம் முடியவில்லை. மீட்கத் தேவையான படைக்கு எண்ணிக்கை போட்டாகிவிட்டது. அழுது ஓய்ந்த ஒரு விதவையின் கதையல்ல இது. கணக்கும் பொறுமையும் தெரிந்த ஓர் ஆட்சியாளரின் கதை.

முதிய பிரதானி அடுத்த ஆண்டே காலமானார். அரசி தளரவில்லை. மருது சகோதரர்கள் சீமைக்குள் ஆள் திரட்டினார்கள். அரசி எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1780இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் பெரும்படையோடு இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. நவாபும் கம்பெனியும் தலைநிமிர முடியாமல் தவித்த அந்த 1780இல்தான், ஹைதர் தந்த படையுதவியோடு வேலு நாச்சியார் சிவகங்கைச் சீமையை மீட்டார். பிறகு ஆட்சியும் நடத்தினார். சின்ன மருது பிரதானியாகவும் பெரிய மருது தளபதியாகவும் பொறுப்பேற்றார்கள். 1796இல் அரசி கண்மூடினார்.

லட்சுமிபாய் 1858 ஜூனில் குவாலியரில் போரிட்டு வீழ்ந்தார். அந்தத் தியாகத்தின் முன் நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் வேலு நாச்சியார் வீழ்ந்தவர் அல்லர். திரும்பி வந்தவர், வென்றவர், ஆண்டவர். அவரை ஜான்சி ராணி என்று அழைத்த மறுகணமே கேட்பவர் மனத்தில் களத்தில் மடியும் ஓர் இளம்பெண் வந்து நிற்கிறார். 50 வயதில் நாட்டை மீட்ட அரசி மறைந்துபோகிறார். ஆக, இந்தப் பட்டம் இரண்டு திருட்டுகளைச் செய்கிறது. காலத்தால் அவருக்கு இருந்த முதன்மையைப் பறிக்கிறது. அதைவிடக் கொடுமையாக, அவருடைய வெற்றியைப் பறிக்கிறது.

காலத்தையே எடுத்துக்கொள்வோம். நாட்டின் முதல் விடுதலைப் போர் என்று பலரும் எழுதும் 1857க்கு 77 ஆண்டுகள் முந்தையது 1780. வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தது 1806. கித்தூர் சென்னம்மா கம்பெனியை எதிர்த்து நின்றது 1824. வேலு நாச்சியார் சிவகங்கைக்குத் திரும்பியபோது சென்னம்மா சிறு குழந்தை. இந்த வரிசையில் யாரை யாருக்கு ஒப்பிட வேண்டும்? பின்னால் வந்தவரை முன்னோடிக்கு ஒப்பிடுவதே முறை. கடலூர் அஞ்சலையம்மாளைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று காந்தியடிகள் பாராட்டியதாகச் சொல்வார்கள். அதில் குறையில்லை. அஞ்சலையம்மாள் லட்சுமிபாய்க்குப் பிந்தியவர். அந்த ஒப்புமைக்குக் காலம் இடம் தருகிறது. வேலு நாச்சியாருக்குத் தருவதில்லை.

உலகில் வேறு எவரும் இப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. அங்கோலா மக்களுக்குப் போர்ச்சுகீசியரை எதிர்த்த அரசி இன்சிங்கா 17ஆம் நூற்றாண்டின் இன்சிங்காதான். கானா நாட்டவருக்கு 1900இல் பொன் இருக்கைக்காக ஆங்கிலேயரோடு மோதிய யா அசந்தேவா, யா அசந்தேவாதான். அவர்களை அறிமுகப்படுத்த இன்னொரு நாட்டு அரசியின் சாயலை அந்த மக்கள் தேடிப் போவதில்லை. நம்மவரை அறிமுகப்படுத்த மட்டும் ஏன் வடக்கிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கிறது? தில்லிக்குத் தெரிந்த பெயரோடு ஒட்டவைத்தால்தான் நம் அரசிக்கு மதிப்பு என்ற தாழ்வுணர்ச்சியை நாமே பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

தில்லியின் பொறுப்பும் சிறியதல்ல. 2008 டிசம்பர் 31 அன்று இந்திய அஞ்சல் துறை வேலு நாச்சியாருக்குச் சிறப்புத் தபால்தலை வெளியிட்டது. அதே நாட்டின் குடியரசு தின அணிவகுப்பில், 2022இல், வேலு நாச்சியாரையும் மருது சகோதரர்களையும் வ.உ.சி.யையும் பாரதியாரையும் தாங்கிய தமிழ்நாட்டு ஊர்திக்கு இடம் கிடைக்கவில்லை. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முடிவு மாறவில்லை. சென்னைக் குடியரசு தின விழாவில் வலம்வந்த பிறகு அந்த ஊர்தி மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டது. தபால்தலையில் ஒட்டுவதற்கு உரிய முகம், தலைநகரின் வீதியில் வருவதற்கு உரியதில்லையா? விதிமுறையும் தேர்வுக்குழுவும் காரணமாகச் சொல்லப்படலாம். விடுதலையின் 75ஆம் ஆண்டில், விடுதலைக்குப் போராடியவர்களை வாசலில் நிறுத்தியது தவறு. அது மீண்டும் நடக்காமல் பார்க்கும் கடமை ஒன்றிய அரசுக்கு உண்டு.

பிறரைக் கண்டிக்கும்போது நம் பக்கத்துப் பிழையை மூடிவைப்பது நேர்மையாகாது. ஐரோப்பியரை எதிர்த்த இந்தியாவின் முதல் அரசி வேலு நாச்சியார் என்று மேடையில் முழங்குகிறார்கள். இதுவும் பிழை. 16ஆம் நூற்றாண்டிலேயே துளு நாட்டு உள்ளாலில் அரசி அப்பக்கா போர்ச்சுகீசியரோடு பொருதினார். வேலு நாச்சியாருக்குரிய சரியான இடம், ஆங்கிலேயக் கம்பெனியின் படையை எதிர்த்துப் போரிட்டு இழந்த நாட்டை மீட்ட அரசி என்பது. அந்த உண்மையே மலைபோல் நிற்கிறது. அதன்மேல் பொய்யால் ஒரு மாடி எழுப்ப வேண்டிய தேவை இல்லை. அப்பக்காவிடமிருந்து பிடுங்கி நாச்சியாருக்குக் கொடுத்தால், நாச்சியாரிடமிருந்து பிடுங்குபவர்களைக் கேட்க நமக்கு வாய் ஏது?

குயிலியின் கதைக்கும் இதே நேர்மை வேண்டும். உடலில் தீ மூட்டிக்கொண்டு எதிரியின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்த ஒடுக்கப்பட்ட குடிப்பெண் என்று அவரை மக்கள் நினைவு போற்றுகிறது. அரசி போன திசையைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்விட்ட உடையாளைக் கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலின் கதை தாங்கி நிற்கிறது. இவை மக்கள் காத்த செல்வம். வாய்மொழி வழக்கை வழக்கு என்றும் ஆவணத்தை ஆவணம் என்றும் சொல்லித் தரவேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கினால், நாளை ஒருவர் கதையைக் கேள்விகேட்டு அந்தச் சாக்கில் வரலாற்றையே தள்ளிவிடுவார். 1772ஆம் ஆண்டுக் கடிதத்தையும் சேர்த்துக் கதை என்பார். அந்த வாய்ப்பை நாமே உருவாக்கித் தரலாகாது.

இன்னொரு கூட்டத்தையும் கண்டிக்க வேண்டும். பிறந்தநாளும் நினைவுநாளும் வந்தால் வேலு நாச்சியாரைத் தம் சாதியின் கொடிக்கம்பத்தில் கட்ட வருகிறவர்கள் இவர்கள். அவருடன் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். எழுதி உதவியவர் தாண்டவராயப் பிள்ளை. அடைக்கலம் தந்தவர் கோபால நாயக்கர். படை தந்தவர் ஹைதர் அலி என்ற இஸ்லாமிய மன்னர். முன்னணியில் நடந்தவர்கள் மருது சகோதரர்கள். மக்கள் வழக்கு அவருடன் சேர்த்து நினைப்பது உடையாளையும் குயிலியையும். சாதியும் மதமும் மொழியும் கடந்து அமைந்த இந்தக் கூட்டணிதான் சிவகங்கையை மீட்டது. அரசியை ஒரு சாதிக்கு மட்டும் உரியவராக்குவது அந்த வெற்றியின் வேரை அறுப்பது. எதிர்ப்பக்கத்தில் நின்ற நவாபும் முஸ்லிம், துணைநின்ற ஹைதரும் முஸ்லிம் என்பதை மறைத்து மதச்சாயம் பூசுவதும் அதே குற்றம்தான்.

எங்கோ கீழே இருக்கும் சிவகங்கைக்காக நீலகிரி மலையில் ஏன் இந்தக் கோபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. நாச்சியார் ஹைதரிடம் படை கேட்ட காலத்தில் இந்த மலையும் மைசூர் ஆட்சியின் எல்லைக்குள்தான் இருந்தது. குன்னூர் பக்கத்து துரூக் கோட்டையைத் திப்பு சுல்தானின் காவலிடம் என்றே இன்றும் சொல்கிறோம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகே நீலகிரி கம்பெனியின் கைக்குப் போனது. 20 ஆண்டுகளில் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். பிறகு தேயிலை வந்தது, எஸ்டேட்டுகள் வந்தன. தோடர் மந்துகளுக்கும் படகர் ஹட்டிகளுக்கும் பக்கத்தில் கிளென்மார்கன் போன்ற பெயர்கள் வந்து அமர்ந்தன. கீழே சிங்காரா மின்நிலையத்துக்கு நீர் அனுப்பும் அணை இருக்கும் இந்த ஊருக்கு, தன் மண்ணில் முளைக்காத பெயரைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கும் மேலே ஒன்று. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரியின் தோட்டங்களில் குடியேறியவர்களில் பலருக்கு மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளே பூர்வீகம். கொழுந்து பறிக்கும் கைகளுக்குள் சிவகங்கைச் சீமையின் இரத்தமும் ஓடுகிறது. இது அவர்கள் வீட்டு வரலாறு. அதைத் தவறாகச் சொன்னால் கோபம் வரத்தான் வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

பள்ளிகள் ‘தென்னாட்டு ஜான்சி ராணி’ என்ற பட்டத்தை விழா அறிவிப்பிலிருந்தும், போட்டித் தலைப்புகளிலிருந்தும், சுவர்களிலிருந்தும் உடனே நீக்க வேண்டும். மாறுவேடப் போட்டியில் வேலு நாச்சியாராக வரும் குழந்தையின் முதுகில் பொம்மை கட்டுவது நிற்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவரைப் பற்றிய பாடம் இருக்கிறது. அதை ஒருமுறை ஊன்றிப் படித்துவிட்டு மேடை போட்டாலே பாதிப் பிழை தீரும்.

வழிகாட்டி நூல்களும் கட்டுரைத் தொகுப்புகளும் அச்சிடுவோர் அடுத்த பதிப்பிலேயே இதைத் திருத்த வேண்டும். ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் பிழையைப் படியெடுத்து விற்பது பதிப்புத் தொழிலுக்கு அழகல்ல.

தமிழ்நாடு அரசு 2014இல் சிவகங்கை அருகே நாச்சியாருக்கு மணிமண்டபம் அமைத்தது. கல்லில் செய்த சிறப்பு எழுத்திலும் தொடர வேண்டும். 1772 முதல் 1780 வரையிலான கடிதங்களையும் கம்பெனி ஆவணங்களையும் பிற்கால வாய்மொழி வழக்குகளையும் தனித்தனியே பிரித்து, எளிய தமிழில் ஒரு நூலாக்கி, மலைக் கிராமத்துத் தொடக்கப்பள்ளி நூலகம் வரை சேர்க்க வேண்டும். அதை இந்தியிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் பெயர்க்க வேண்டும். லட்சுமிபாயை நமக்குத் தெரிந்திருப்பதுபோல் ஜான்சியின் பிள்ளைகளுக்கு வேலு நாச்சியாரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றிய அரசு 2022இல் மறுத்ததுபோல் இனி ஒருமுறையும் குடியரசு தின அணிவகுப்பில் அவருக்குரிய இடத்தை மறுக்கக்கூடாது. எந்த ஒப்புமையும் அடைமொழியும் இல்லாமல், அவருடைய பெயராலேயே வழங்க வேண்டும்.

இந்த இதழும் தன் பங்குக்கு ஓர் உறுதி தருகிறது. கட்டுரையானாலும் கவிதையானாலும் விளம்பரமானாலும், அந்தப் பட்டம் இனி இதன் பக்கங்களில் அச்சேறாது.

அடுத்த விழாவிலும் அந்தச் சிறுமி மேடையேறுவாள். அப்போது அவள் முதுகில் பாரம் இருக்கக்கூடாது. சிவகங்கை அரசி வேலு நாச்சியார், 1772இல் நாட்டை இழந்தவர், 1780இல் மீட்டவர் என்று ஒலிபெருக்கி சொல்லட்டும். அவ்வளவு போதும். கீழே அமர்ந்திருக்கும் அந்தப் பாட்டி, தன் தாய் சொன்ன கதைதான் இது என்று அடையாளம் கண்டுகொள்வார். நாச்சியாருக்கு இந்த மலையிலும் பெயர்த்திகள் இருக்கிறார்கள். பாட்டியின் பெயரை அவர்கள் கையில் பிழையில்லாமல் கொடுங்கள்.